மார்கழிக் குளிரில் டயர் காற்று: உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடியிலிருந்து:
போன மார்கழியில் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஹைவேயில் ஏறியதுமே வண்டி கனமாக இழுத்தது. ஆள் பாரம் என்று விட்டுவிட்டேன். பொன்னேரி தாண்டி மலை ஏறியபோது 14 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டீயரிங் மந்தமாகத் திரும்பியது. இறங்கும்போது வளைவுக்கு வளைவு வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளியது. பின்சீட்டில் அம்மா கைப்பிடியை விடவே இல்லை. எனக்கும் பயம்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வண்டியை எடுக்கும் முன்பே வாசலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலு டயரிலும் 28, 29 பி.எஸ்.ஐ.தான் (காற்றழுத்த அளவு) காட்டியது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. பஞ்சர் எதுவும் இல்லை. ஒரு வாரம் முன்புதான் பங்க்கில் சரியாக 33 வைத்தேன். ஆனால் அது மதியம் இரண்டு மணி. ராணிப்பேட்டையிலிருந்து வெயிலில் ஓட்டி வந்து, டயர் சூடாக இருந்த நேரம். ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். மதியச் சூட்டுக்கும் விடியல் குளிருக்கும் நடுவில்தான் என் நாலைந்து பி.எஸ்.ஐ. போயிருக்கிறது.

வேலூர் என்றால் வெயில் என்றே பழகிவிட்டதால் குளிர்காலத்தில் காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படும் முன் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை வைக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.

ஆம்பூரிலிருந்து:
அண்ணா, நைட்ரஜன் அடித்தால் குளிருக்கு இறங்காது என்று என்னிடம் சொன்னார்கள். நம்பி மூன்று மாதம் பார்க்காமலேயே ஓட்டினேன். அதுவும் இறங்கத்தான் செய்தது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே. முன்டயர் இரண்டும் ஓரங்களில் தேய்ந்து போனதுதான் மிச்சம்.

சத்துவாச்சாரியிலிருந்து:
நான் வாரம் ஒருமுறை பெங்களூர் போகிறவன். டிசம்பரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டயரில் காற்று குறைவு என்று காட்டும் விளக்கு எரியும், பள்ளிகொண்டா டோல் தாண்டுவதற்குள் அணைந்துவிடும். சென்சார் கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஓடும் சூட்டில் அழுத்தம் ஏறியதால்தான் அணைந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. ஒரு சந்தேகம்: ஐந்து பேரோடு போனால் அதே 33 போதுமா?

காட்பாடியிலிருந்து:
கதவு ஸ்டிக்கரை முழுதாகப் படியுங்கள் சார். பல வண்டிகளில் முழுப் பாரத்துக்கு வேறு எண் இருக்கும். பின்டயருக்குக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். நான் அன்று அதையும் பார்க்கவில்லை. இன்னொன்று, வழியில் நிறுத்தி அளந்து 37 காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள், அது ஓடிய சூடு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் ஸ்டெப்னியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.