மலை ஏற்றத்தில் காடி சூடாகிறது, அவசர உதவி தேவை

சிப்புட் தம்பி:
வணக்கம் அண்ணன்மார்களே. அப்பாவின் காடி (கார்) சூடாகிறது. பட்டறையில் காட்டினோம். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும், 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார் தவுக்கே (முதலாளி). வியாழக்கிழமை அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குத் தைப்பிங் கூட்டிப் போக வேண்டும். செய்வதா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பார்க்காரன்:
எந்த வருடத்துக் காடி, எத்தனை சிசி, எவ்வளவு ஓடியிருக்கிறது? தண்ணீர் குறைகிறதா?

செம்பனை77:
தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியுங்கள் தம்பி. அது குளிர் நாட்டுக்காரனுக்கு. என் வேன் அது இல்லாமலேதான் பத்து வருடம் தோட்டத்தில் ஓடியது.

பழைய இரும்பு:
சூடாகிறது என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது? நிற்கும்போதா, ஓடும்போதா, ஏசி போட்டா, போடாமலா? இதைக் கவனிக்கத் தெரியாதவர்கள் கையில்தான் நல்ல எஞ்சின்கள் சாகின்றன.

சிப்புட் தம்பி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 2012, 1.3, மேனுவல், 1 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். பசாருக்குப் போனால் ஒன்றும் இல்லை. கோலகங்சார் தாண்டி புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் ஏசியோடு ஏறினால் மட்டும் வெப்பம் காட்டும் முள் மேலே போகிறது. ஏசியை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். தண்ணீர் குறையவில்லை.

தைப்பிங் மழை:
14 வருடக் காடிக்கு 1,800 செலவழிப்பதை விட அதை விற்று முன்பணமாகக் கட்டிப் புதுசு எடுங்கள். அம்மா அப்பாவுக்கும் நிம்மதி.

கம்பார்க்காரன்:
9 வருடக் கடனில் என்ன நிம்மதி? ரோட் டெக்ஸ் 70 வெள்ளியோடு ஓடுகிற 1.3 காடி அது. கடன் இல்லாத காடிதான் வயதானவர்களுக்கு நிம்மதி.

தைப்பிங் மழை:
நடுரோட்டில் நின்றால் அந்த 70 வெள்ளியா வந்து தள்ளும்? என் மாமாவை இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து கூட்டி வந்தவன் நான்.

ரவாங் பொறியாளர்:
தம்பி, ஹெட்டைத் தொட விடாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள். நான் வாகன உதிரிபாகத் துறையில் பொறியாளர். தண்ணீர் குறையாமல், ஏசியை நிறுத்தினால் முள் இறங்குகிறது என்றால் எனக்குக் கேஸ்கெட் மேல் சந்தேகம் வரவில்லை. பசாரில் மெதுவாக ஊரும்போது சூடாகவில்லை, அதனால் விசிறியும் ஓடுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் அதிக வெப்பத்தைத் தள்ளுகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரும் தன் வெப்பத்தை அதன் மேலேயே விடுகிறது. அந்த நேரத்தில் போதிய காற்று உள்ளே போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். காடி தினமும் எந்த ரோட்டில் ஓடுகிறது?

கேஸ்கெட் பயம் போக, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, குமிழி தொடர்ந்து வருகிறதா பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டறையில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். அதைச் செய்யாமல் கேஸ்கெட் என்று முடிவு கட்டக் கூடாது. சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்தவுடன் முகத்தில் அடிக்கும்.

செம்பனை அண்ணே, தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்க வைத்த தடை இல்லை. பெரும்பாலும் 82 டிகிரி அளவில் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விட்டு, எஞ்சினைச் சரியான வெப்பத்தில் வைக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் ஆறியே ஓடும், பெட்ரோல் கூடும், எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாது.

புதுசா பழசா என்று சண்டை போடாதீர்கள். என்னுடையது 2009. மாதத்தின் முதல் ஞாயிறு பானட்டைத் திறப்பேன், மகள் டார்ச் பிடிப்பாள், எண்ணெய்க் குச்சியைத் துடைத்து அளவு பார்ப்பது அவள் வேலை. வேலையிடத்தில் நாள் முழுக்கப் பாகங்களைச் சோதிக்கிறவன்தான். ஆனாலும் என் பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கி வருகிற காடியை என் கையால் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். உங்கள் அம்மா போகும் காடியும் அப்படித்தான்.

செம்பனை77:
படித்தவர் சொல்கிறீர்கள், சரி. ஆனால் என் வேன் ஓடியதும் உண்மைதானே.

சிப்புட் தம்பி:
அப்பா தினமும் ஆடுகளுக்குப் புல் அறுக்கத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போவார், செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால். இதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

ரவாங் பொறியாளர்:
அதுதான்! கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புழுதி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ரேடியேட்டரைக் கழற்றி, பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் ஜெட் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். திரும்ப நிரப்பும்போது குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் போடுங்கள்.

பழைய இரும்பு:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம்.

சிப்புட் தம்பி:
வேறு பட்டறையில் நீலத் திரவம் வைத்துப் பார்த்தார்கள், நிறம் மாறவில்லை. நடுவில் செம்மண்ணும் காய்ந்த புல்லும் அடை அடையாக வந்தன. கூலன்ட்டோடு சேர்த்து 140 வெள்ளி. இன்று தைப்பிங் போய் வந்தோம், ஏசியோடுதான் ஏறினேன், முள் அசையவில்லை. அம்மாவுக்கு நாளை கட்டு அவிழ்ப்பார்கள். நன்றி ரவாங் அண்ணே, மற்றவர்களுக்கும்.

கம்பார்க்காரன்:
தம்பி, எந்தப் பட்டறை? என் வேனும் புழுதியில்தான் ஓடுகிறது.