பள்ளி ஆலோசகர் படிப்பு: சேர்வதற்கு முன் களப்பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக வேண்டும் என்பதை இளங்கலை உளவியல் படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். முதுகலையை எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம். வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்ற விளம்பரங்களை முதலில் ஒதுக்கினேன். இப்போது அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. இன்னமும் யாராவது அழைத்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

நேரடிப் படிப்புக்குச் சென்னையிலேயே வழி உண்டு. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் ஆலோசனை உளவியல் முதுகலை இருக்கிறது; சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. எங்கே போனாலும் களப்பயிற்சியைப் பற்றித் துருவித் துருவிக் கேளுங்கள்.

நான் விசாரித்த ஒரு கல்லூரியில் பாடத்திட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு கோட்பாடுகளைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். களப்பயிற்சி எங்கே என்றதற்கு, "பள்ளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் கொண்டுவந்தால் போதும்" என்றார்கள். இன்னோர் இடத்தில் இரண்டாம் ஆண்டு படித்த அக்கா ஒருவரிடம் பேசினேன். பிள்ளையின் பெயரை மறைத்து எழுதிய பதிவேட்டோடு வாரந்தோறும் மேற்பார்வை ஆசிரியர் முன் உட்கார வேண்டுமாம். "அவன் பேசாமல் இருந்தபோது நீ ஏன் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினாய்?" என்று கேட்பாராம். அங்கேதான் சேர்ந்தேன்.

அதன் அருமை பயிற்சியின்போது தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "யாரிடமும் சொல்ல மாட்டீர்களே மிஸ்?" என்று கேட்ட பிறகுதான் பேசவே தொடங்கினாள். பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அதனால் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அதே சமயம் அவள் எழுந்து போய்விடவும் கூடாது. "உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்றேன். அவள் பேசினாள். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்பதில் மேற்பார்வை ஆசிரியர் முன்பே என்னைப் பழக்கியிருந்தார்.

* * *

தங்கை எழுதியதோடு என் வழியையும் சேர்க்கிறேன். நான் வேதியியல் ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு முதுகலைக்குப் போகும் நிலையில் இல்லை. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் ஓராண்டு வழிகாட்டல்-ஆலோசனை டிப்ளமோவை மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் முடித்தேன். ஆறு மாதம் தொலைவழி, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி. உளவியல் பட்டம் இல்லாவிட்டாலும், வேறு பட்டத்தோடு ஆலோசனை டிப்ளமோ இருந்தால் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் பணிக்கு வழியுண்டு. ஆனால் மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். அதை இந்த டிப்ளமோ தராது. மனச்சோர்வு முற்றிய பிள்ளையை நான் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

அந்த மூன்று மாத நேரடி வகுப்புக்கு விடுப்பு வாங்குவதுதான் பெரும்பாடு. விண்ணப்பிக்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.