கொலம்பியா கோர் நல்லதா, பிரவுன் ஓப்பன் கரிகுலம் நல்லதா?

எடிசன்_அம்மா:
என் பொண்ணுக்கு அமெரிக்காவுல கொலம்பியா, பிரவுன் ரெண்டு யுனிவர்சிட்டிலயும் சீட் கிடைச்சிருக்கு, மே 1க்குள்ள முடிவு சொல்லணும். குடுக்கற உதவித்தொகை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், அதனால காசு பிரச்சினை இல்ல. வீட்டுல சண்டை பாடத்திட்டத்தப் பத்தி. கொலம்பியா காலேஜ்ல எந்த மேஜரா இருந்தாலும் இலக்கியம், தத்துவம், ஓவியம், இசை, சயின்ஸ்னு கோர்ங்கிற பொதுக் கட்டாயப் பாடங்கள் முழுசும் முடிச்சே ஆகணும், நீச்சல் டெஸ்ட் வேற. பிரவுன்ல ஓப்பன் கரிகுலம், அப்படி பொதுக் கட்டாயப் பாடம் இல்ல, 30 கோர்ஸ், ஒரு கான்சன்ட்ரேஷன் (மேஜர் மாதிரி) முடிச்சா டிகிரி. எனக்கு கோர்தான் சரின்னு படுது. நான் இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷத்துல சிலபஸ் தாண்டி ஒரு புத்தகத்தக்கூட யாரும் கையில குடுக்கல, அந்த ஏக்கம் இன்னும் போகல எனக்கு. அவளோ பிரவுன்தான்னு நிக்கிறா. டாக்டர் ஆகணும்ங்கிறா.

பிராவிடன்ஸ்காரன்:
அக்கா, நான் பிரவுன்ல படிச்சவன். முதல்ல ஒரு திருத்தம், எழுதத் தெரியும்னு ரெண்டு தடவ நிரூபிக்கணும், அந்த ஒரு கட்டாயம் அங்கயும் இருக்கு. மத்தபடி நீங்க சொன்னது சரி. இந்த ஓப்பன் கரிகுலம் நிர்வாகம் மேலருந்து கொண்டு வந்தது இல்ல, ஐரா மேகசினர், எலியட் மேக்ஸ்வெல்னு ரெண்டு மாணவர்கள் முன்னாடி நின்னு பெரிய ரிப்போர்ட் எழுதி, வாதாடி, 1969ல பேராசிரியர்கள ஓட்டுப் போட வச்சாங்க. ஏ, பி, சி மட்டும்தான் கிரேடு, டி கிடையாது, ஃபெயில் ஆனா வெளிய போற டிரான்ஸ்கிரிப்ட்ல வராது, யுனிவர்சிட்டி ஜிபிஏ கணக்கு போடுறதும் இல்ல. செமஸ்டர் தொடக்கத்துல ஷாப்பிங் பீரியட்னு எந்த கிளாஸ்லயும் போய் உக்காந்து பாக்கலாம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போனவன், அப்படி ஒரு நாள் பழைய எகிப்து பத்தின எகிப்தியல் கிளாஸ்ல போய் உக்காந்து அப்படியே ஒட்டிக்கிட்டேன், கிரேடு இல்லாம எடுத்ததால பயமே இல்ல. யாராவது கட்டாயப்படுத்தி இருந்தா நான் அத வெறுத்திருப்பேன்.

மார்னிங்சைட்_வாசி:
தம்பி, நீங்க எடுத்தீங்க, சந்தோஷம். ஆனா நம்ம வீட்டுப் பசங்கள நெனச்சுப் பாருங்க, அப்பா அம்மா ஃபோன்ல தினமும் இன்டர்ன்ஷிப் பத்திக் கேக்கறப்ப எத்தன பேருக்கு எகிப்து பக்கம் போற தைரியம் வரும்? அந்தப் பையனுக்கு "இது கட்டாயம்பா"ன்னு வீட்டுல சொல்றதுக்கு கோர் ஒரு வழி குடுக்குது. நான் கொலம்பியாவுல அப்படித்தான் படிச்சேன். கோர்ல வர்ற இலக்கிய கோர்ஸ் லிட் ஹம் 1937லருந்து இருக்கு, ஒரு கிளாஸ்ல இருபது சொச்சம் பேர், முதல் வருஷத்துல அத்தன பேரும் ஒரே நேரத்துல ஹோமர் படிச்சுட்டிருப்பாங்க. ராத்திரி டைனிங் ஹால்ல கெமிஸ்ட்ரிக்காரனும் எகனாமிக்ஸ்காரியும் ஹோமர் காவியத்துல வர்ற வீரன் அக்கிலீஸோட கோபம் நியாயமான்னு சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் பேசுவாங்க, பொதுவா ஒண்ணு படிச்சிருந்தாத்தான் அந்தப் பேச்சே வரும். கோருக்கான மையத்த பத்து வருஷம் நடத்தின ரூஸ்வெல்ட் மோன்டாஸ் டொமினிக்கன் குடியரசுலருந்து சின்ன வயசுல நியூயார்க் குவீன்ஸ் வந்தவர், ஏழைப் பிள்ளைங்களுக்குத்தான் இந்தப் படிப்பு ரொம்பத் தேவைன்னு இன்னிக்கும் வாதாடுறார்.

ஹூஸ்டன்_மீரா:
பொதுவா ஒண்ணு படிக்கணும் சரி, அந்த ஒண்ணு எதுன்னு யார் முடிவு பண்றது? கொலம்பியாவோட பட்லர் லைப்ரரி முகப்புல ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், சிசரோன்னு பேர் செதுக்கி வச்சிருக்காங்க, ஒரு பொம்பள பேர் இல்ல. 1989ல மாணவிகள் பெண் எழுத்தாளர்கள் பேர எழுதி அதுக்கு மேல பேனர் கட்டினாங்க. லிட் ஹம் பட்டியல்ல முதல் பெண் எழுத்தாளரா ஜேன் ஆஸ்டன் வந்ததே 1985ல, அதாவது ஆரம்பிச்சு 48 வருஷம் கழிச்சு! ஹோமர் இருக்கட்டும், நம்ம இளங்கோ எங்க?

மார்னிங்சைட்_வாசி:
மீரா, 48 வருஷம் தப்புதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா பட்டியல் மாறிக்கிட்டே இருக்கு, டோனி மாரிசன் வந்தாச்சு, குளோபல் கோர்னு ரெண்டு கோர்ஸும் உண்டு, ஆசியா, ஆப்பிரிக்கால்லாம் அதுல வரும்.

ஹூஸ்டன்_மீரா:
கிரேக்கம், ஐரோப்பாவுக்கு ரெண்டு வருஷம், மிச்ச உலகம் பூராவுக்கும் ரெண்டே கோர்ஸ். இத நியாயம்னு என்னால ஏத்துக்க முடியல, மன்னிச்சுக்கோங்க.

பிராவிடன்ஸ்காரன்:
அக்கா, டாக்டருக்குன்னு சொன்னீங்கள்ல, அத யாரும் பேசல. எந்த காலேஜா இருந்தாலும் மெடிக்கல் ஸ்கூலுக்கு பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் எல்லாம் லேபோட முடிக்கணும், அதெல்லாம் கிரேடோட எடுக்கறதுதான் நல்லது. அதுக்கு மேல கோர், அதுக்கு மேல மேஜர்னு அடுக்கினா அவளா ஆசப்பட்டு எடுக்க எத்தன இடம் மிஞ்சும்னு ஒரு பேப்பர்ல அவளோட உக்காந்து போட்டுப் பாருங்க.

மார்னிங்சைட்_வாசி:
கணக்கு இறுக்கமாத்தான் வரும், ஒத்துக்கறேன். ஆனா அவ டாக்டர் ஆனப்புறம் சாவு, கடமை, துக்கம் பத்தி இருபது பேரோட உக்காந்து மெதுவா படிக்க யார் நேரம் குடுப்பா? அந்த ரெண்டு வருஷத்த அவகிட்டருந்து எடுத்துடாதீங்க அக்கா.

எடிசன்_அம்மா:
நேத்து ராத்திரி பேப்பர்ல போட்டுப் பாத்தோம். கோரோட சேத்தா ஒரு செமஸ்டருக்கு ஒரு இடம்கூட சில சமயம் மிஞ்சல, அதப் பாத்து அவ பேசாம இருந்தா, அப்புறம் "இசை கிளாஸ் மட்டும் எனக்கும் வேணும்மா"ன்னா. எனக்கு இன்னும் மனசு கோர் பக்கம்தான். வியாழக்கிழமை மெட்ரோபார்க்ல ஆம்ட்ராக் ரயில் ஏறி பிரவுன் இருக்கற பிராவிடன்ஸ் போறோம், ரெண்டு கிளாஸ்ல உக்காந்து பாக்கட்டும். அடுத்த வாரம் மார்னிங்சைட், கொலம்பியா பாக்க. தம்பி, அந்த எகிப்தியல் கிளாஸ் எந்த பில்டிங்ல நடக்கும்?