பழைய ரெக்கோர்ட் பிளேயர்: புது காட்ரிட்ஜ் போட்டும் சத்தம் மோசம், உதவி!

குமரன்_வெள்ளவத்தை
அப்பாவின் பழைய பிளேயருக்குப் புது காட்ரிட்ஜும் (ஊசியின் அசைவைச் சிக்னலாக்கும் பாகம்) ஊசியும் போட்டேன். முன்பைவிட மோசம். பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்கிறது, பேஸ் அடியோடு இல்லை, கூடவே ஒரு உர்ர். ஞாயிறு வீட்டில் விசேஷம். ஆம்ப் மாற்றவா, ஸ்பீக்கர் மாற்றவா? அவசரம்.

கொட்டாஞ்சேனை ரவி
என்ன பிளேயர், என்ன காட்ரிட்ஜ், ஆம்பில் எங்கே செருகினீர்கள்? ஒன்றும் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படித் தம்பி?

தெஹிவளைக்காரன்
தட்டில் பூஞ்சணம். கடற்கரைப் பக்கம் வேறென்ன? சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள், சரியாகும்.

மோட்டார் மணி
அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயரா? 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கான மோட்டார் இங்கே 50இல் ஓடினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28 அளவுக்கு இறங்கிவிடும்.

குமரன்_வெள்ளவத்தை
பிளேயர் கரார்ட் எஸ்.பி. 25. வேகம் சரி. முன்பு செராமிக் காட்ரிட்ஜ், இப்போது மேக்னெட்டிக். ஆம்பில் ஆக்ஸ் என்ற பொது இன்புட்தான் இருக்கிறது.

ஊசிமுனை
அப்பாடா, கடைசியில் சொன்னாரே. இதை எத்தனை தடவை எழுதுவது? தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சுப் பக்கத்தைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954 முதல் அதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரெக்கோர்ட் கம்பனிகளின் சங்கம்) கணக்கு இருக்கிறது. 1000 ஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹேர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைவு. அதை ஈடுகட்டி, சிக்னலையும் பெருக்குவது ஆம்புக்கு முன் போடும் போனோ பிரீஆம்ப். செராமிக் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், பேஸையும் ஓரளவு தானே சமாளிக்கும். உங்கள் மேக்னெட்டிக் 5 மில்லிவோல்ட் தந்தாலே பெரிய விஷயம். அதை நேரே ஆக்ஸில் செருகினால் தூரத்தில் கேட்காமல் என்ன செய்யும்? உர்ருக்கு எர்த் வயரைப் பாருங்கள். அடிப்படை தெரியாமல் அப்கிரேட் செய்வது இப்போது பஷன்.

கொட்டாஞ்சேனை ரவி
திட்டாமலும் சொல்லலாம் அண்ணை. தம்பி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் விசாரியுங்கள். மைக் பிரீஆம்பைத் தந்தால் வாங்க வேண்டாம், அதில் இந்த ஈடுகட்டல் கிடையாது. ஊசியின் பாரத்தையும் காட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கிற கிராமுக்கு மாற்றுங்கள். செராமிக்குக்கு வைத்த கூடிய பாரம் அப்படியே இருந்தால் புது ஊசியும் போகும், தட்டும் போகும்.

அரக்குத்தட்டு
ஸ்பிரிட் சொன்னவருக்கு: 78 சுற்றுத் தட்டில் அதைத் தொடவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும்.

தெஹிவளைக்காரன்
நான் எல்.பி.க்குத்தான் (33⅓ சுற்று வினைல் தட்டு) சொன்னேன். வருஷக்கணக்காகத் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

அரக்குத்தட்டு
"தட்டு" என்றுதானே எழுதினீர்கள்? தாத்தா காலத்துத் தட்டு வைத்திருப்பவர் வாசித்துவிட்டுத் துடைத்தால் யார் பொறுப்பு?

தெஹிவளைக்காரன்
எஸ்.பி. 25இல் 78 ஓடுமா, அதை முதலில் சொல்லுங்கள்.

ஊசிமுனை
ஓடும். ஊசிதான் வேறு. 78இன் பள்ளம் எல்.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். இதுவும் எழுதியாச்சு.

குமரன்_வெள்ளவத்தை
பிரீஆம்ப் போட்டேன், பேஸ் வந்துவிட்டது. எர்த் கட்டியதும் உர்ர் பாதி குறைந்தது. நன்றி.

கொட்டாஞ்சேனை ரவி
மீதிப் பாதி? பிரீஆம்பை ஆம்பின் டிரான்ஸ்போமருக்குப் பக்கத்திலா வைத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி.