கள்ளு மண்டியும் பார்லிச் சக்கையும்: மீன் தீவனத்தில் பட்டறிந்தவை

வரணித் தொட்டிக்காரன்:

பின்வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகளில் நான்கு வருடமாகத் திலாப்பியா வளர்க்கிறேன். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அந்தப் பாரம் தாங்காமல்தான் தெற்கிலுள்ள ஒரு பியர்த் தொழிற்சாலையின் ஈரச் சக்கையை லொறியில் எடுப்பித்தேன்.

முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பை வடித்தெடுத்த பிறகு மிஞ்சுவது இந்தச் சக்கை. மாச்சத்து போய்விடுவதால் புரதம் செறிந்து நிற்கும். காய்ந்த நிறையில் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். அதைப் படித்த மகிழ்ச்சியில், ஈரச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கொழும்பிலிருந்து எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கூலியில் பெரும்பகுதி தண்ணீருக்கே போனது. அதைவிட மோசம், உரப்பைக்குள் கட்டிய சக்கை வழியிலேயே சூடேறிவிட்டது. இறக்கும்போது கை வைத்தால் கதகதத்தது. மறுநாள் பைகளின் வாயில் வெள்ளைப் பூஞ்சணம்.

அப்போதே கொட்டியிருக்க வேண்டும். கொடுத்த காசு கண்ணை மறைத்தது. மேலே நன்றாகத் தெரிந்த பகுதியை அள்ளித் தொட்டியில் போட்டேன். மீன்கள் அரைகுறையாகத் தின்றன; மிச்சம் அடியில் தங்கி அழுகியது. மூன்றாம் நாள் விடியற்காலை, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றியும் 60 மீன்களுக்கு மேல் செத்துவிட்டன. அந்தக் காலையை இன்றும் மறக்க முடியவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. அழுகும் தீவனம் ஒட்சிசனைத் தின்னும், அமோனியாவையும் விடும். இரவில் பாசியும் ஒட்சிசனை எடுப்பதால் விடியற்காலையில் தண்ணீரில் அது மிகக் குறைந்து நிற்கும். எங்களுடையது சுண்ணக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீர் காரப் பக்கம் சாய்ந்தது. காரம் கூடக் கூட, வெப்பம் ஏற ஏற, அமோனியாவின் நஞ்சுத்தன்மையும் கூடும். வேறிடத்தில் மீன் தாங்கிக்கொள்ளக்கூடிய தவறு இங்கே தாங்காது.

வழியைக் காட்டியவர் அம்மா. அப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டு நின்றவர், “தம்பி, மாவைப் புளிக்க வைக்கிறோம், அது கெட்டா போகிறது? நீ உன்னுடைய சக்கையைப் புளிக்க விடவில்லை, அழுக விட்டாய்” என்றார். நான் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

கள்ளு விற்கும் தவறணையில் பீப்பாயின் அடியில் தங்கும் கள்ளு மண்டியை வாங்கினேன். அதில் மதுவமும் (ஈஸ்ட்) புளிப்பேற்றும் பற்றீரியாவும் உயிரோடு இருக்கின்றன. மண்டி கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அதையே தீவனமாக்க முடியாது, உறையாக்கலாம். வெயிலில் காயவைத்துக் காப்பாற்றிய சக்கையோடு அரிசித் தவிட்டைச் சேர்த்து, கையால் பிழிந்தால் உருண்டையாக நிற்கும், நீர் சொட்டாது என்ற பதத்துக்கு ஈரமாக்கி, மண்டியைப் பிசைந்தேன். வாளியில் காற்றில்லாமல் அமுக்கி மூடி நிழலில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் அப்பமா வாசம். புளிப்பு ஏறியதால் கெட்ட கிருமிகள் தலையெடுக்கவில்லை. நார் சற்றே இளகியிருந்தது. தவிட்டிலுள்ள பொசுபரசை மீனுக்குக் கிடைக்காமல் பூட்டிவைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருளும் நொதிக்கும்போது குறையும்.

அதோடு கருவாட்டுத் தூள், எள்ளுப் புண்ணாக்கு, காய்ச்சிய மரவள்ளி மா சேர்த்து, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் பிழிந்து காயவைத்தேன். நொதித்த கலவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்கு மேல் போனபோது மீன் தின்றது, ஆனால் வளரவில்லை. நார் அதிகம், வேறொன்றுமில்லை.

கரவெட்டிப் பனை:

அண்ணா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கள்ளுச் சீவல் தொழில். ஒன்று சொல்ல வேண்டும். கருப்பநீருக்காக, அதாவது புளிக்காத இனிப்புக் கள்ளுக்காக, சுண்ணாம்பு தடவிய முட்டியின் அடியில் தங்குவதை மண்டி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். கள் புளிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சுண்ணாம்பு. அதை உறையாக இட்டால் ஒன்றும் நடக்காது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் அப்படி இரண்டு வாளித் தவிட்டை வீணாக்கினான். மண்டியை எடுத்த அன்றே பிசைய வேண்டும். இரண்டு நாள் வைத்தால் காடிப் புளிப்புத்தான் மிஞ்சும்.

கிளிநொச்சி அக்கா:

நான் பியர் வடித்த பின் மிஞ்சும் ஈஸ்டைக் காயவைத்த தூளாக வாங்கிப் பார்த்தேன். சக்கையைவிட இது வலியது. புரதம் பாதியளவுக்கு வரும். அதன் செல்சுவரிலுள்ள பீட்டா குளுக்கன் மீனின் நோயெதிர்ப்புக்கு உதவும். ஆனால் பியரில் சேர்க்கும் ஹொப் பூவின் கசப்பு அதில் ஒட்டியிருக்கிறது. முதல் இரண்டு நாள் மீன்கள் வாயில் எடுத்துத் துப்பிவிட்டன. பழைய தீவனத்தோடு ஒரு பிடி, பிறகு இரண்டு பிடி என்று பழக்கினேன். பத்து நாளில் பழகிவிட்டன. தம்பி, விரலளவு குஞ்சுகளுக்கு அந்தச் சக்கையைக் கொடுக்காதீர்கள். அவற்றுக்குப் புரதம் நிறைய வேண்டும், நார் ஆகாது.

களப்போரத்தான்:

தொண்டைமானாற்றுப் பக்கம் கூட்டில் கொடுவா வளர்த்தவன் நான். அதற்கு இந்தக் கலவை சரிவராது. கொடுவா மீன் தின்னும் மீன். பல நாள் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றன. நான் விட்டுவிட்டேன். பாசியும் தாவரப் பொருளும் தின்னும் பால்மீனுக்குக் கொடுத்துப் பார்க்க எண்ணம் உண்டு. மாரியில் பனங்கள் இல்லாதபோது உறைக்கு என்ன செய்கிறீர்கள்?

வரணித் தொட்டிக்காரன்:

அந்தக் காலத்தில் தென்னங்கள்ளு மண்டிதான். அதுவும் இல்லையென்றால் முன்பு நொதித்ததில் ஒரு பிடியை எடுத்து வைத்து உறையாக இடுகிறேன். இரண்டு மூன்று முறைக்குமேல் அப்படிச் செய்வதில்லை. வாசம் மாறத் தொடங்கும். கறுப்போ நீலமோ பூத்தால் முழு வாளியும் உரக்குழிக்குத்தான், மேலே வழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதே இல்லை. மழையில் காயவைப்பது பெரும்பாடு; அடுப்படிப் பரணில் பனம்பாய் விரித்துப் பரப்புகிறேன்.

கரவெட்டித் தம்பி சொன்ன சுண்ணாம்பு விடயம் எனக்குப் புதிது, நன்றி. நாளை மாலை மண்டி எடுக்கப் போகிறேன். வரணி, கொடிகாமப் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் ஒரு போத்தல் எடுத்து வைக்கிறேன். மூடியை இறுக்கிப் பூட்டாமல் கொண்டுபோங்கள், வழியில் பொங்கும்.