பாப்பாவின் ஜொள்ளு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மதியம்

நான்: பாப்பாவுக்கு நான்கு மாதம் முடியப்போகிறது. நேற்றிலிருந்து ஒரே ஜொள்ளு. காலையிலிருந்து மூன்று சட்டை மாற்றிவிட்டேன். கழுத்து மடிப்பு சிவந்திருக்கிறது. பல் முளைக்கிறதா அத்தை?

அத்தை: பல்லுக்கு இன்னும் நாள் இருக்கிறதும்மா, பெரும்பாலும் ஆறு மாதம் வாக்கில்தான் வரும். இந்த வயதில் எச்சில் நிறைய ஊறும், விழுங்கத்தான் இன்னும் பழகவில்லை. அதுதான் வழிகிறது. அழுத்தித் துடைக்காதே. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடு, மடிப்பில் ஈரம் தங்க விடாதே.

நான்: மாசமாக இருந்தபோது நான் ஆசைப்பட்டதைச் சாப்பிடாததால்தான் ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது.

அத்தை: அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ தின்றதற்கும் தின்னாததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சித்தி மகள்: அக்கா, குரூப்பில் ஜொள்ளு என்று எழுத வேண்டாமே. காலேஜில் பெண்களை வெறித்துப் பார்ப்பவனைத்தான் ஜொள்ளு விடுகிறான் என்போம். பாப்பாவுக்கு அந்த வார்த்தை எதற்கு?

அம்மா: அது குழந்தைகளுடைய வார்த்தைதாண்டி. ஒரு வயது வரைக்கும் உன் கழுத்திலும் ஜொள்ளுத்துணி கட்டியிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறவனுக்கு எச்சில் ஒழுகுவதுகூடத் தெரியாது, குழந்தை மாதிரி. அந்தக் கேலிதான் அவன்மேல் ஒட்டிக்கொண்டது. அவனுக்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பெங்களூரு அண்ணன்: கன்னடத்திலும் இதற்கு ஜொல்லு என்றுதான் பெயர். பாப்பா போட்டோவைக் காட்டியதும் கீழ்வீட்டு அம்மா அதைத்தான் சொன்னார், சட்டென்று புரிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து அண்ணி: எங்கட ஊரில வீணி எண்டு சொல்லுவினம். பிள்ளைக்கு வீணி வடியுது, துடைச்சு விடு எண்டு அம்மம்மா கூப்பிடுவா. ஜொள்ளு எண்ட சொல்லை நான் இங்க வந்துதான் கேட்டனான்.

பெரியப்பா: வீணீர் என்று அகராதியிலேயே இருக்கிறது. எச்சில் இலை, எச்சில் கை என்று சொல்லிச் சொல்லி எச்சில் என்றாலே ஒதுக்க வேண்டியது என்று ஆக்கிவிட்டோம். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. 1121ஆம் குறளைப் பாருங்கள்: ‘பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி வாலெயிறு ஊறிய நீர்.’ காதலியின் பல்லில் ஊறியதைப் பாலும் தேனும் என்கிறார். நீர் என்ற ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

அம்மா: நீர் என்றதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு இடது கடைவாயில் வழிந்துகொண்டே இருக்கும். அம்மா ஒருநாளும் ஜொள்ளு என்று சொன்னதில்லை. ‘வாயில தண்ணி நிக்குது பாரு’ என்பாள், அதுவும் அவர் காதில் விழாமல். முந்தானையால் துடைத்துவிட்டு, அந்த ஈர முனையை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொள்வாள்.

சித்தி மகள்: எனக்கு இது தெரியாது பெரியம்மா.

அம்மா: அப்போது நீ கைக்குழந்தை. உனக்கும் அவருக்கும் ஒரே வேட்டியைக் கிழித்துத்தான் துணி போட்டோம். உன்னுடையது ஜொள்ளுத்துணி, அவருடையது துண்டு.

சித்தி மகள்: அக்கா, பாப்பா போட்டோ ஒன்று போடு. ஜொள்ளோடு.

நான்: இதோ அனுப்புகிறேன். இப்போது நான்காவது சட்டை.

அம்மா: பருத்தித் துணியில் ஆறு தைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். அதுவரை கழுத்தில் பவுடர் எதுவும் போடாதே.