கல்சட்டி பழக்கியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். வீட்டிலிருந்த நான்ஸ்டிக் தவாவில் பூச்சு உரிந்து, தோசையோடு கறுப்புத் துணுக்குகள் வர ஆரம்பித்தன. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்குமாம். காலித் தவாவை அடுப்பில் மறந்துவிட்டுப் போகும் எனக்கு அது சரிப்படாது. தோசைக்கு இரும்புக்கல் வாங்கியாயிற்று. புளிக்குழம்பைத்தான் இரும்பிலோ அலுமினியத்திலோ வைக்க மனமில்லை.

அதனால் மாக்கல்லில் குடைந்த கல்சட்டி ஒன்று, இரண்டு லிட்டர் அளவில் வாங்கினேன். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஒரு நாள், அப்புறம் ஐந்து நாள் சூடான வடிகஞ்சி என்று பழக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் உள்ளே விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. இது எத்தனை நாளில் நிற்கும்? விளிம்புக்குக் கீழே முடி போல ஒரு கோடு வேறு. நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டவில்லை. கல்லின் ரேகையா, விரிசலா? தீயில் ஏற்றவே பயமாக இருக்கிறது. (முன்பு வாங்கிய சட்டியை எடுத்த எடுப்பில் பெரிய தீயில் வைத்து, டப்பென்று இரண்டாகப் போனது. அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.)

இன்னொன்று. ரசத்துக்கு ஈயச்சொம்பும் வேண்டும். வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று கடையில் கேட்டால் "சுத்த ஈயம்தாங்க" என்கிறார்கள். எந்த ஈயம் என்பதுதானே என் கேள்வி! காரீயம் நஞ்சு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சோதனைச் சான்றோடு விற்கும் கடையோ, சென்னையில் உலோகம் பரிசோதித்துத் தரும் ஆய்வகமோ தெரிந்தால் சொல்லுங்கள்.